கருப்பட்டிக் கடை இன்ஸ்டாகிராம் பக்கத்துல 11,000 பேர் இருக்காங்க, விலை கேட்க ஒருத்தர் இல்ல. என்ன செய்ய?

தேரிமணல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிப் பக்கம். அப்பா ரொம்ப வருஷமா கருப்பட்டி யாவாரம். பனையேறிங்ககிட்ட நேரா எடுத்து விக்காங்க. சிரட்டைக் கருப்பட்டி, சுக்கு போட்ட சில்லுக்கருப்பட்டி, கொஞ்சம் பனங்கற்கண்டு, இவ்வளவுதான் எங்க சரக்கு. சீனி போட்டுக் காய்ச்சினதைத் தொடவே மாட்டேன்னு அப்பா இன்னைக்கும் பிடிவாதமா இருக்காங்க. அதனால விலை கூடத்தான் சொல்ல வேண்டியிருக்கு. "அங்க இதுல பாதி விலைதானே"ன்னு ஆளுங்க திரும்பிப் போறதை சின்ன வயசுல இருந்து பாத்துட்டு வாரேன்.

2023-ல உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதும், இனி வெளியூர்க்காரங்க தேடி வருவாங்கன்னு இன்ஸ்டாகிராம்ல பக்கம் தொடங்கினோம். ஒரு விளம்பரக் கம்பெனிக்கு மாசாமாசம் பணம் கட்டி அதைப் பாத்துக்கச் சொன்னோம். இப்ப 11,000 ஃபாலோயர் காட்டுது. போஸ்ட் போட்டா நாப்பது, அம்பது லைக். கமெண்ட்ல நெருப்புப் படமும் கைதட்டுற படமும்தான். யாரு, எந்த ஊர்ல இருந்து பாக்காங்கன்னு காட்டுற இன்சைட்ஸ்ல போய்ப் பாத்தேன், முதல்ல காட்டுற அஞ்சு ஊர்ல தமிழ்நாட்டு ஊர் ஒண்ணுகூட இல்ல. கம்பெனியில கேட்டா, "இன்னும் 20,000 ஏத்திட்டா தானா சூடு பிடிச்சிரும், அதுக்குத் தனி பேக்கேஜ்"னு சொல்லுதாங்க.

அந்த பேக்கேஜை எடுக்கலாமா, இல்ல பக்கத்தையே மூடிட்டுப் புதுசாத் தொடங்கலாமா? இப்ப ஐப்பசி மழை. பதநீர் சீசன் முடிஞ்சு போச்சு. காய்ச்சுறதே இல்லாதப்ப எதைப் போடுறது? கேமரா முன்னாடி நின்னா எனக்குப் பேச்சு வராது. அப்பா படமே எடுக்க விடமாட்டாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செக்கடி அக்கா

தம்பி, அந்த பேக்கேஜுக்கு ஒரு ரூபாய்கூடக் குடுக்காதீங்க. முதல்ல இதைச் சொல்லிட்டு மத்ததுக்கு வர்றேன்.

நாங்க சிவகிரிங்க, ஈரோடு மாவட்டம். மரச்செக்கு போட்டிருக்கோம். வீட்டுக்காரர் செக்கைப் பாத்துக்குவாரு, போனையும் பார்சலையும் நான் பாத்துக்குவேன். எள்ளு ஆட்டறப்போ கருப்பட்டி போட்டுத்தான் ஆட்டணும், அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அதுக்கு உங்க பக்கத்துக் கருப்பட்டியைத்தான் மூட்டையா எடுக்கறோம். அதனால உங்க கஷ்டம் எனக்குப் பாதி தெரியும். வாங்கறவங்க மனசுல இருக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "இதுல சீனி இருக்கா?" உங்க பக்கத்துல இதுக்குப் பதில் எங்கயாவது இருக்குதுங்களா? இப்பத்தான் தேடிப் பாத்தேன், உங்களுதுன்னு இல்ல, பொதுவா கருப்பட்டி விக்கறவங்க பக்கமெல்லாம். பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, "இயற்கையின் இனிமை"ன்னு ஒரு வரி, கூகுள்ல எடுத்த பனைமரப் படம். எல்லாம் ஒரே அச்சு. பாக்கறவங்க எதை நம்பி பணம் அனுப்புவாங்க?

ஃபாலோயர் விஷயத்துக்கு வர்றேன். காசுக்கு ஏத்தின தலைங்க உங்க போஸ்டைப் பாக்காது, யாருக்கும் அனுப்பாது. ஒரு வீடியோவை இன்னும் பத்துப் பேருக்குக் காட்டலாமான்னு இன்ஸ்டாகிராம் முடிவு பண்றது, பாத்தவங்க எவ்வளவு நேரம் பாத்தாங்க, லைக் போட்டாங்களா, இன்னொருத்தருக்கு அனுப்பினாங்களா இதையெல்லாம் வெச்சுத்தான். அதுலயும் அனுப்பறதுக்கு மதிப்பு ஜாஸ்தின்னு அதோட தலைவர் ஆடம் மொசேரி பல தடவை சொல்லியிருக்காரு. உங்க வீடியோ முதல்ல போய் நிக்கற இடத்துல ஆளே இல்லைன்னா அது அங்கயே படுத்துக்கும். இன்னொண்ணு, இந்த மாதிரி வெளி ஆப் வழியா வந்த போலி லைக், போலி ஃபாலோயரை எல்லாம் நீக்கப் போறோம்னு 2018 நவம்பர்லயே இன்ஸ்டாகிராம் அறிவிச்சிருச்சு. நீங்க வாங்கற 20,000 ஒரு நாள் ராத்திரியில காணாமப் போனா யாருகிட்டப் போய்க் கேப்பீங்க?

பழைய பக்கத்தை விட்டுட்டுப் புதுசாத் தொடங்குங்க. இருக்கறதையே சலிச்சு எடுக்கலாம்னு சிலபேர் சொல்லுவாங்க. ஃபாலோயரை ஒவ்வொண்ணா நீக்கவும் வழி இருக்குது. ஆனா 11,000 பேரை உக்காந்து நீக்கற நேரத்துல நீங்க நல்லதா முப்பது வீடியோ எடுத்துருவீங்க. 11,000-ங்கற எண்ணைப் பாத்து மனசு இழுக்கும். இழுக்கட்டும், விட்டுருங்க.

எங்க பக்கத்துக்கு உண்மையான ஆளுங்க வந்தது எப்படின்னு சொல்றேன். ஆட்டறதை வீடியோ எடுத்துப் போட்டுட்டுத்தான் இருந்தோம், ஓரளவுக்குப் பாப்பாங்க. ஒரு நாள் ஒருத்தர், "கடையில பாக்கெட் எண்ணெய் இவ்வளவு கம்மியாக் கிடைக்குது, நீங்க கொள்ளை அடிக்கறீங்க"ன்னு எழுதினாரு. எனக்குச் சுருக்குன்னு போச்சு. நாள்காட்டித் தாளைக் கிழிச்சு, பின்பக்கத்துல பேனாவுல கணக்குப் போட்டேன். ரெண்டரை கிலோ எள்ளு ஆட்டினா ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய். அந்த வாரம் இங்க ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்துல எள்ளு போன விலை. கருப்பட்டி விலை. கரண்டு, ஆள்கூலி, பாட்டில். புண்ணாக்கு வித்து வர்ற காசைக் கழிச்சாச்சு. கடைசியில எங்களுக்கு நிக்கறது எவ்வளவு, அதையும் மறைக்காம எழுதினேன். அந்தத் தாளை அப்படியே போட்டோ எடுத்துப் போட்டேன். டிசைனும் இல்ல, பாட்டும் இல்ல.

அதுதாங்க திரும்பத் திரும்பப் பகிரப்பட்டுச்சு. லைக் அப்படியொண்ணும் பெருசா இல்ல. ஆனா குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கெல்லாம் போயிருக்குது. "எங்க சித்தி அனுப்பினாங்க", "ஆபீஸ்ல ஒருத்தர் காட்டினாரு"ன்னு சொல்லிட்டு ஆளுங்க வந்தாங்க. வந்தவங்க சும்மா வரலீங்க, கேள்வியோட வந்தாங்க. கடலை எண்ணெய்க்கும் இதே கணக்கான்னு கேட்டாங்க. புண்ணாக்கு மாட்டுக்குக் கிடைக்குமான்னு ஒரு விவசாயி கேட்டாரு, இன்னைக்கு வரைக்கும் அவரு எங்ககிட்டத்தான் எடுக்கறாரு.

அதே மாதிரி ஒரு அம்மா, பாட்டில் அடியில சேறாட்டம் நிக்குது, ஏமாத்திட்டீங்கன்னு எல்லாரும் பாக்கற மாதிரி கமெண்ட் போட்டாங்க. எடுத்துரும்மான்னு மகள் சொன்னா. எடுக்கலை. அன்னைக்கு ஆட்டின எண்ணெயைக் கண்ணாடி டம்ளர்ல புடிச்சு ஒண்ணு, வெயில்ல வெச்சுத் தெளிஞ்ச எண்ணெய் ஒண்ணு, ரெண்டையும் சன்னல் வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல வெச்சு எடுத்தேன். கரண்டியை விட்டு அடியில இருக்கற கசடைத் தூக்கிக் காட்டினேன். "இது எள்ளோட சக்கைங்க, நாங்க வடிகட்டறது துணியிலயும் வெயில்லயும்தான். வேண்டாம்னா மேலாக ஊத்திக்குங்க, அடியில நிக்கறதை விளக்குக்கு வெச்சுக்குங்க"ன்னு சொன்னேன். அந்தக் கமெண்டுக்குக் கீழயே அந்த அம்மா பேரைச் சொல்லி வீடியோவைப் போட்டேன். கசடைப் பத்தி யாரு கேட்டாலும் இப்ப நான் பதில் சொல்ல வேண்டியதில்ல, பழைய ஆளுங்களே அந்த வீடியோவை எடுத்துக் குடுத்துடறாங்க. பக்கம் உயிரோட இருக்குதுன்னா அதுதாங்க அடையாளம். நம்ம பதிலை அடுத்தவங்க எடுத்துச் சொல்லணும்.

கருப்பட்டியில கேள்விக்கா பஞ்சம்? எத்தனை லிட்டர் பதநீர் காய்ச்சினா எத்தனை கிலோ நிக்கும்னு உங்கப்பாவுக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். அதைக் கணக்கா எழுதுங்க. மரம் ஏறறவங்களுக்கு என்ன போகுது, விறகுக்கு என்ன ஆகுது, உங்களுக்கு என்ன நிக்குது. பாதி விலைக் கருப்பட்டி எப்படி முடியுதுன்னு யாரையும் பேர் சொல்லித் திட்ட வேண்டாம். உங்க கணக்கைப் பாத்தாலே புரிஞ்சுக்குவாங்க.

பேச்சு வரலைன்னா பேச வேண்டாம். கை போதும். அப்பா முகம் வேண்டாம், அவரு கருப்பட்டியை உடைக்கற கையை மட்டும் எடுங்க, அந்தச் சத்தத்தோட.

மடிப்பாக்கம் வாசகி

நான் வியாபாரி இல்லை, வாங்குகிற ஆள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் காலையில் கருப்பட்டிக் காபிதான். மகளுக்குப் பிரசவமான சமயம் பிரசவ மருந்தான காயம் கிண்ட நல்ல கருப்பட்டி வேண்டுமென்று நிறையப் பக்கங்களுக்குச் செய்தி அனுப்பினேன். பெரும்பாலும் உடனே ஒரு விலைப் பட்டியலும் க்யூஆர் கோடும் வந்தன. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும், "அம்மா, இப்ப இருக்கிறது போன சீசன் சரக்கு, மழையில கொஞ்சம் கசிஞ்சிருக்கு. காயத்துக்குப் பரவாயில்ல, ஆனா நாள் வெச்சுக்க முடியாது. அரைக் கிலோ மட்டும் வாங்கிக்கங்க. பங்குனியில புதுசு வரும், அப்பச் சொல்றேன்" என்று குரல் பதிவு வந்தது. பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். அந்தப் பக்கத்தில் அப்போது முந்நூறு பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். பங்குனியில் சொன்னபடி செய்தி வந்தது. இன்றுவரை எங்கள் அடுக்குமாடியில் ஆறேழு வீட்டுக்கு அவர்களிடமிருந்துதான் வருகிறது. நான்தான் எல்லோருக்கும் சொன்னேன், யாரும் சொல்லச் சொல்லவில்லை.

நீங்கள் சீசன் இல்லை, என்ன போடுவது என்கிறீர்கள். "இப்போது சரக்கு இல்லை" என்பதையே போடுங்கள். வருஷம் முழுக்கப் புத்தம்புதுக் கருப்பட்டி கிடைக்கும் என்று சொல்லும் பக்கத்தை நான் நம்புவதில்லை.

கரைத்தால் அடியில் மண்ணும் வெள்ளையாக ஒரு பொடியும் நிற்கிறதே, அது என்ன? என் மருமகன் கலப்படம் என்கிறார்.

கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னதோடு சட்ட விஷயம் கொஞ்சம் சேர்க்கிறேன். ஆள் சேர்க்கிற வேகத்தில் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

"சர்க்கரை நோயாளிகளும் பயமில்லாமல் சாப்பிடலாம்", "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று கருப்பட்டிப் பக்கங்களில் பார்க்கிறேன். இப்படி எழுதினால் பகிர்வு அள்ளும். தயவுசெய்து எழுதாதீர்கள். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். அதை நம்பிச் சாப்பிட்டு ஒருவருக்கு உடம்பு கெட்டால் அது உங்கள் தலையில்தான் விடியும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில், தவறான விளம்பரத்துக்கு ₹10 லட்சம் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, அதன் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது.

உங்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண் 14 இலக்கம், அதைப் பொட்டலத்திலும் பில்லிலும் மட்டுமல்லாமல் பக்கத்தின் முகப்பிலும் போட்டுவிடுங்கள். முன்பின் தெரியாத ஊரிலிருந்து பணம் அனுப்புகிறவருக்கு அது ஒரு பிடிமானம். புவிசார் குறியீட்டு முத்திரையைப் பயன்படுத்த வேண்டுமானால் உடன்குடியில் கடை இருந்தால் மட்டும் போதாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று சென்னையிலுள்ள பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்பா பெயரில் விண்ணப்பியுங்கள். கிடைத்ததும் அந்தச் சான்றிதழைக் கையில் பிடித்து ஒரு படம் போட்டால் எந்த விளம்பரமும் அதற்கு ஈடாகாது.

ஃபுட் ரிவ்யூ செய்கிறவர்கள் பணம் கேட்டு வருவார்கள். பணமோ இலவசச் சரக்கோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. சொல்ல மாட்டேன் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

தேரிமணல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நீங்க சொன்னதை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். கணக்குத் தாளை மட்டும் ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க.

மடிப்பாக்கம் அம்மா, அந்த வெள்ளைப் பொடி சுண்ணாம்பு. பதநீர் புளிச்சுக் கள்ளாயிரக் கூடாதுன்னு கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவித்தான் பாளையில கட்டுவாங்க. அதுல மிச்சம் இருக்குறது அடியில நிக்கும். மண்ணு, சிரட்டையிலயும் தரையிலயும் ஒட்டுறது. கரைச்சு, கொஞ்ச நேரம் தெளிய விட்டு, மேலாக வடிகட்டிக்கங்க. இதைக் கலப்படம்னு சொல்லுறதைக் கேட்டுத்தான் எங்க ஊர்ல பலபேரு மனசு விட்டுப் போயிருக்காங்க.

எழுதும்போதே தோணுது, இதையே வீடியோவாப் போடலாம் போல. விடிலியில, அதான் பதநீர் காய்ச்சுற குடிசையில, காய்ச்சுற தாச்சிச் சட்டி கமுத்திக் கிடக்கு, கலயம் எல்லாம் கழுவி அடுக்கி வச்சிருக்கு, ஒரு கலயத்துல இன்னும் உள்பக்கம் சுண்ணாம்புக் கோடு தெரியுது. சீசன் இல்லைனாலும் காட்ட இவ்வளவு இருக்கு. மழைக்குக் கசியாம இருக்க அப்பா மச்சுல ஓலைப்பெட்டியில வச்சுப் புகை போடுறதும் இருக்கு.

இன்னும் ரெண்டு சந்தேகம். கொஞ்சம் காசு போட்டு இன்ஸ்டாகிராம்லயே விளம்பரம் கொடுக்கலாமா? ஃபாலோ பண்ணி நாலு பேருக்கு டேக் பண்ணா ஒரு கிலோ இலவசம்னு போட்டி வைக்கலாமா?

செக்கடி அக்கா

தம்பி, மேல அந்த அம்மாவுக்கு நீங்க எழுதின பதில் இருக்குதே, அதுதான் உங்க முதல் வீடியோ. ஒரு வார்த்தையும் மாத்தாதீங்க. அந்தச் சுண்ணாம்புக் கோட்டை விரலால தொட்டுக் காட்டுங்க, அப்புறம் ஒரு துண்டு கருப்பட்டியைக் கண்ணாடி டம்ளர்ல கரைச்சு அடியில நிக்கறதைக் காட்டுங்க. விடிலி, தாச்சி, கலயம்னு உங்க ஊர்ல சொல்ற பேரையே சொல்லுங்க. எனக்கே விடிலின்னா இப்பத்தான் தெரியுது. தெரியாதவங்க கேப்பாங்க, கேக்கட்டும், நீங்க சொல்லுங்க.

போட்டி வேண்டாமுங்க. ஓசிக் கருப்பட்டிக்கு வர்றவங்க அதுக்கு மட்டும்தான் வருவாங்க. பரிசு அறிவிச்ச மறுநாள் போயிருவாங்க, இல்லைன்னா சத்தமில்லாம உக்காந்திருப்பாங்க. அப்புறம் உங்க நிலைமை பழையபடி. அந்த ஒரு கிலோவைக் கால் கால் கிலோவாப் பிரிச்சு, நல்ல கேள்வி கேட்டவங்களுக்கு அடுத்த பார்சல்ல சேர்த்து அனுப்புங்க. போட்டின்னு சொல்ல வேண்டாம், முன்கூட்டியும் சொல்ல வேண்டாம்.

காசு போடறதைப் பத்தி. முதல்லயே போடாதீங்க. பத்து, பதினஞ்சு வீடியோ போனதுக்கப்புறம் தானா அதிகம் பகிரப்பட்டது எதுன்னு இன்சைட்ஸ்ல தெரியும். அந்த ஒண்ணுக்கு மட்டும் சின்னத் தொகை போடுங்க. ஊரை நீங்களே தேர்ந்தெடுங்க: சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர், உங்க பார்சல் எங்கெல்லாம் உடையாமப் போய்ச் சேருமோ அங்க மட்டும். துபாய்ல இருந்து ஆயிரம் பேர் பாத்தாலும் உங்களால அனுப்ப முடியலைன்னா பாவம், அவங்களுக்கும் ஏமாத்தம்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாப் படறது ஒண்ணு இருக்குது. 2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக்கைத் தடை பண்ணினாங்க. அதுல லட்சக்கணக்குல ஆளு வெச்சிருந்தவங்க அத்தனை பேரும் ஒரே நாள்ல வெறும் ஆளா ஆனாங்க. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் நம்ம நாட்டுக்கு வந்ததே அதுக்கடுத்த மாசம்தான். நாளைக்கு இதுக்கும் என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? உங்க பக்கத்துக்கு வர்றவங்க நம்பரு உங்க போன்ல இருக்கணும், உங்க நம்பரு அவங்க போன்ல இருக்கணும். வாட்ஸ்அப் பிசினஸ்ல, ஒரே செய்தியை நிறையப் பேருக்குத் தனித்தனியா அனுப்பற பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டா ஒரு லிஸ்டுல 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், ஆனா உங்க நம்பரை சேவ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அதனால ஒவ்வொரு பார்சல்லயும் ஒரு சின்னச் சீட்டு வெக்கறோம்: "இந்த நம்பரை சேவ் பண்ணிக்குங்க, புது எள்ளு ஆட்டறன்னைக்குச் சொல்றோம்." சொல்றது அன்னைக்கு மட்டும்தான். குட் மார்னிங், பண்டிகை வாழ்த்து எதுவும் அனுப்பறதில்ல. வர்ற செய்தி எல்லாம் வேலையான செய்தின்னு தெரிஞ்சா, வந்த உடனே திறந்து பாத்துடறாங்க.

உங்களுக்கு இப்பவே நல்ல நேரம். அடுத்த சீசனுக்கு முதல் சரக்கு வேணுங்கறவங்க பேரும் நம்பரும் இந்த மழையிலயே எழுத ஆரம்பிங்க. ஒரு நோட்டுல அப்பாவை எழுதச் சொல்லுங்க. அவரு யாருக்கு முதல்ல கொடுப்பாரோ அதே வரிசையில கொடுங்க, காசு கூடக் குடுக்கறவங்களுக்கு முந்திக் கொடுக்காதீங்க.

எங்க செக்குக்கும் ஒரு மூட்டைக்குப் பேர் எழுதிக்குங்க. ஆட்டற கருப்பட்டி உங்களுதுன்னா, பாட்டில்ல உங்க ஊர் பேரைப் போட்டுத்தான் விப்போம்.

மடிப்பாக்கம் வாசகி

சுண்ணாம்பு விளக்கத்துக்கு நன்றி தம்பி, மருமகனுக்கு அனுப்பிவிட்டேன். புதுப் பக்கம் தொடங்கியதும் அதன் பெயரை இங்கேயே போடுங்கள். எனக்கு சில்லுக்கருப்பட்டி இரண்டு கிலோ எழுதிக்கொள்ளுங்கள், சுக்கு தூக்கலாக இருந்தால் நல்லது.